தூய சவேரியார் வேற்றுமொழி பயின்ற வரலாறு

புதுவை நகரில் வாழும் நமக்கு வேற்றுமொழி என்பது புதுப்பொருள் அன்று. பிரெஞ்சுக்காரர் 1674-ஆம் ஆண்டில் இங்குக் குடியேறிய நாள்தொட்டு இந்நகரத்தார் இரு மொழிகளின் ஒலியையும் கேட்டே வளர்ந்து வந்திருக்கின்றனர். அமலோற்பவ அன்னையின் பேராலயத்தை நம்மவர் சம்பா கோவில் என்று அழைக்கின்றனர்; சாம் பவுல் என்னும் பெயரே தமிழர் நாவில் இவ்வாறு திரிந்தது என்பர். இத்தகைய ஊரிலும், ஒரு மொழியைத் தாமே முயன்று கற்கத் தொடங்கும் மாணவர் பலர் இரண்டு மூன்று திங்களிலேயே ஊக்கங் குன்றி நூலை மூடிவைத்து விடுகின்றனர். பிரெஞ்சு பயில்வோரிடத்தும் இதனைக் காண்கின்றோம். ஜப்பானிய மொழி பயில விழைந்து எழுத்துக்களைக் கண்டு மலைத்து நிற்போரிடத்தும் இதனையே காண்கின்றோம். இச்சோர்வுக்குப் பெரும்பாலும் காரணமாவது ஒரு தவறான எண்ணம். வேற்றுமொழி பேசுந்திறன் சிலர்க்கு மட்டும் அருளப்படும் வரம் என்றும், அவ்வரம் தமக்கு வாய்க்கவில்லை என்றும் அவர்கள் கருதுகின்றனர்.

இவ்வெண்ணத்திற்குச் சான்று வேண்டுவோர் தூய பிரான்சிஸ்கு சவேரியாரைக் காட்டுவதுண்டு. அவர் சென்ற நாடெங்கும் அந்நாட்டு மொழியைக் கல்லாமலே பேசினார் என்றும், ஒரு மொழியில் அவர் சொல்லியது பல மொழியினர்க்கும் தத்தம் மொழியில் விளங்கியது என்றும் கூறும் செய்திகள் அவருக்குப் புனிதர் பட்டம் அளிக்கப்பெற்ற 1622-ஆம் ஆண்டினை ஒட்டிய காலத்தில் பெரிதும் பரவின. பக்தியால் எழுந்த செய்திகள் அவை. ஆனால் சவேரியார் தம் கைப்பட எழுதிய கடிதங்கள் பல இன்றும் உள்ளன. அவற்றை நோக்குவோர்க்குத் தெரிவது வேறொரு வரலாறு. மொழி தெரியாமையால் வருந்தியவரும், தெரிந்தவர்களைத் தேடிச் சென்று கேட்டவரும், மனப்பாடம் செய்தவரும், பிழை செய்து அதனைத் திருத்திக் கொண்டவருமாகிய ஓர் உழைப்பாளரையே அங்குக் காண்கின்றோம். அவ்வரலாற்றைச் சுருங்கக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் கல்வியும்

ஸ்பெயின் தேசத்தின் வடபால் அமைந்த நவார் நாட்டில், சவியேர் என்னும் கோட்டையில், 1506-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் இவர் பிறந்தார். கோட்டையின் பெயரே இவருக்குப் பெயராயிற்று. தமிழர் அதனைச் சவேரியார் என்று வழங்கினர். இவருடைய தாய்மொழி பாஸ்கு என்பது. அண்டை நாட்டு மொழிகள் எவற்றோடும் உறவில்லாத தனிமொழி அது. ஆகவே, கோட்டைக்கு வெளியே உலகோடு பழகத் தொடங்கிய இளமையிலேயே பிறமொழி கற்கவேண்டிய கட்டாயம் இவருக்கு ஏற்பட்டது. 1525-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்துப் பல்கலைக்கழகத்தை அடைந்து லத்தீன் மொழி வாயிலாகத் தத்துவம் பயின்று பட்டம் பெற்றார். ஆங்கு இன்னாசியாரோடு நட்புக் கொண்டு, 1534-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் மோன்மார்த்தர் குன்றின்மேல் ஏனைய தோழரோடு சேர்ந்து துறவு உறுதி எடுத்தார். அத்தோழர் கூட்டமே பின்னர் இயேசு சபையாக வளர்ந்தது.

1541-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள், தம் முப்பத்தைந்தாம் பிறந்த நாளன்று, லிஸ்பன் துறைமுகத்தினின்று கப்பல் ஏறிய சவேரியார், ஓராண்டுக்கு மேற்பட்ட பயணத்தின்பின் 1542-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள் கோவா நகரை அடைந்தார். அவ்வாண்டின் பிற்பகுதியிலேயே தமிழ்நாட்டின் தென்கடற்கரையை வந்தெய்தினார்.

முத்துக்குளித்துறையில்

கன்னியாகுமரி முதல் தூத்துக்குடிக்கு வடக்கே வரை பரந்து கிடக்கும் கடற்கரைக்கு முத்துக்குளித்துறை என்பது பெயர். அங்கு வாழ்ந்த பரதவ மக்கள் சவேரியார் வருவதற்குச் சில ஆண்டுகட்கு முன்னரே ஞானஸ்நானம் பெற்றிருந்தனர். ஆனால் அவர்களுக்குத் தமிழில் ஞானோபதேசம் கற்பிப்பார் எவரும் அங்குத் தங்கவில்லை. சவேரியார்க்கோ தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. அவர்கள் பேசுவது இவருக்கு விளங்கவில்லை. இவர் பேசுவது அவர்களுக்கு விளங்கவில்லை.

அக்காலத்தில் தமிழ் கற்பதற்கு ஐரோப்பியர்க்கு உதவக்கூடிய அச்சிட்ட அகராதி ஒன்றேனும் இல்லை, இலக்கணம் இல்லை, பாடநூல் இல்லை. கோவாவினின்று உடன்வந்த தமிழ் மாணவர் சிலர் மட்டுமே துணை. இந்நிலையில் சவேரியார் செய்ததைக் கருதிப் பார்த்தல் வேண்டும். மொழி முழுவதையும் கற்று முடித்த பின்னரே வாய் திறப்போம் என்று அவர் காத்திருக்கவில்லை. தமக்கு உடனடியாகத் தேவைப்படும் பகுதி எது என்று முதலில் வரையறுத்துக் கொண்டார். சிலுவை அடையாளம், விசுவாச மந்திரம், பத்துக் கற்பனைகள், பரலோக மந்திரம், மங்கள வார்த்தை ஆகியவையே அப்பகுதி. தமிழும் போர்த்துக்கேயமும் ஓரளவு அறிந்தாரைத் தேடிச் சேர்த்து, பல நாள் அவர்களோடு அமர்ந்து, பெருமுயற்சியோடு இவற்றைத் தமிழாக்கினார். ஆக்கியவற்றை மனப்பாடம் செய்தார். பின்னர்க் கையில் ஒரு மணியை ஏந்தித் தெருத்தெருவாக ஒலித்துச் சென்று சிறுவரையும் பெரியோரையும் கூட்டினார். நாள்தோறும் இருமுறை அவர்கட்குக் கற்பித்தார். சிறுவர் கற்றதைத் தம் பெற்றோர்க்கும் அயலார்க்கும் சொல்லித் தருமாறு ஏற்பாடு செய்தார். ஊரை விட்டுச் செல்லுங்கால் அம்மந்திரங்களின் படியொன்றை அவ்வூரில் வைத்து, எழுதத் தெரிந்தவர் அதனைப் பார்த்து எழுதிக்கொள்ளவும், எல்லோரும் அதனை நாள்தோறும் ஓதவும் பணித்தார்.

ஒருவன் ஒன்றைப் பிறர்க்குக் கற்பிக்குந்தோறும் அது தனக்கே உறுதிப்படுகின்றது. நாளொன்றுக்கு இருமுறை நூற்றுக்கணக்கான குரல்களோடு சேர்ந்து ஓதியவரின் நாவில் அத்தமிழ் ஊன்றாது போகுமோ?

ஒரு சொல்லின் பிழை

எனினும், மனப்பாடம் செய்தவை எல்லாம் பிழையற்றவை ஆகிவிடா. மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றோர் இரு மொழியிலும் நிறைபுலமை உடையவர் அல்லர். ஆதலின் விசுவாச மந்திரத்திலேயே ஒரு பெரும்பிழை புகுந்திருந்தது. நம்புகிறேன் என்று பொருள்படவேண்டிய இடத்தில் எனக்கு வேணும் என்னும் சொற்கள் அமைந்திருந்தன. கடவுளை நம்புகிறேன் என்று அறிக்கையிட வேண்டிய மக்கள், கடவுள் எனக்கு வேண்டும் என்று நாள்தோறும் ஓதி வந்தனர்!

சவேரியார் இதனை உணர்ந்தார். 1544-ஆம் ஆண்டில் தம் உடனுழைப்பாளராகிய மான்சிலியாஸ் என்பார்க்கு எழுதிய கடிதத்தில், வேணும் என்பது விருப்பத்தைக் குறிக்கும் சொல் என்று விளக்கி, அவ்விடத்தில் விசுவாசம் என்னும் சொல்லை வைத்துத் திருத்துமாறு பணித்தார். தாமே முன்னின்று ஆக்கிய மொழிபெயர்ப்பு என்றோ, மக்கள் நாவில் ஏறிவிட்டது என்றோ அவர் அதனை விட்டுவிடவில்லை. கற்பித்ததை மாற்றினால் தம் மதிப்புக் குறையும் என்றும் எண்ணவில்லை. ஒரு சொல்லுக்கும் மற்றொரு சொல்லுக்கும் உள்ள வேறுபாட்டை அவர் கண்டுகொண்டமை, தமிழ் அவருக்கு வெறும் ஒலித்தொடராக நின்றுவிடாமல் பொருளாகவும் விளங்கத் தொடங்கியதனைக் காட்டுகின்றது.

ஆயினும், அவர் தமிழில் வல்லவராகி விட்டார் என்று கூறுதல் உண்மைக்குப் புறம்பாகும். அதே 1544-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் மொழிபெயர்த்து உதவும் துணைவரின்றி அவர் தனித்து நிற்க நேர்ந்தது. அவ்வாண்டில் வடுகர் படை கடற்கரையூர்களைத் தாக்கியதனால் மக்கள் தீவுகளிலும் பாறைகளிலும் ஒதுங்கி உணவும் நீருமின்றித் தவித்தனர். அத்துன்பக் காலத்தில் தம்மால் அவர்களோடு பேசமுடியாமையை அவர் தம் கடிதத்தில் ஒளிக்காமல் எழுதினார். புதிதாய்ப் பிறந்த குழந்தைகட்கு ஞானஸ்நானம் அளிக்க மொழிபெயர்ப்பாளர் வேண்டுவதில்லை என்றும், ஏழைகள் தம் தேவையை மொழிபெயர்ப்பாளரின்றியே தமக்கு உணர்த்தி விடுகின்றனர் என்றும் ஆறுதல் கொண்டார். கல்லாமலே பன்மொழி பேசும் வரம் பெற்றவர் இவ்வாறு எழுதுவாரோ?

தம்மால் முடியாததைத் தமக்குப் பின்வருவோர் முடிக்க வழிசெய்தது அவருடைய பெருந்தன்மை. 1547-ஆம் ஆண்டில் இக்கடற்கரைக்கு வந்த என்றிக்கே என்றிக்கஸ் அடிகளார் தமிழைப் பேசவும் படிக்கவும் எழுதவும் கற்றதனைச் சவேரியார் பெரிதும் பாராட்டினார். தமிழ் மக்களால் அண்டிரிக் அடிகள் என்று அழைக்கப்பெற்ற இவரே ஐரோப்பியர்க்கென்று தமிழிலக்கணம் ஒன்றை எழுதியவரும், 1578-ஆம் ஆண்டில் கொல்லத்தில் அச்சேறிய தம்பிரான் வணக்கம் என்னும் நூலைத் தந்தவரும் ஆவார்.

மலாக்காவில் கிடைத்த துணை

1545-ஆம் ஆண்டில் மயிலாப்பூரில் சில திங்கள் தங்கியிருந்தபின், சவேரியார் கீழ்க்கடல் கடந்து மலாக்காவுக்கும் அதற்கப்பாற்பட்ட மொலுக்கத் தீவுகட்கும் சென்றார். ஆங்கும் தமிழ்நாட்டில் கையாண்ட முறையையே மேற்கொண்டு மந்திரங்களை மலாய் மொழியில் பெயர்க்கச் செய்து கற்றார். 1547-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் மலாக்காவுக்கு மீண்டு வந்தபோது, ஜப்பான் தேசத்தார் ஒருவர் அவரைக் காண வந்தார். அவர் பெயர் அஞ்சிரோ, ஊர் ககோஷிமா. ஒருவனைக் கொன்ற பழிக்கு அஞ்சிப் போர்த்துக்கேயர் கப்பலில் தப்பி வந்த அவர், மனச்சான்றின் துயர் தீரவேண்டிச் சவேரியாரை நாடினார். அவருக்குப் போர்த்துக்கேய மொழி ஓரளவு தெரிந்திருந்தது. எனவே இடையில் எவருமின்றி இருவரும் உரையாட முடிந்தது.

அஞ்சிரோவைச் சவேரியார் கோவாவிலிருந்த தூய பவுல் கல்லூரிக்கு அனுப்பினார். 1548-ஆம் ஆண்டு பெந்தெகொஸ்தே திருநாளில் அவர் ஞானஸ்நானம் பெற்றுப் பவுல் என்னும் பெயர் பூண்டார். சில திங்களுக்குள் போர்த்துக்கேய மொழியை எழுதவும் படிக்கவும் கற்றார். சவேரியாரோ அவரிடம் ஜப்பானியர் எழுத்தைப்பற்றிக் கேட்டறிந்து, அவ்வெழுத்துக்களின் வரிசையொன்றை 1549-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஐரோப்பாவுக்கு அனுப்பி வைத்தார். ஜப்பானியர் மேலிருந்து கீழாக எழுதுவது ஏன் என்று அவர் வினவியபோது, ஐரோப்பியர் ஏன் தம்மைப்போல் எழுதுவதில்லை என்று பவுல் எதிர்வினா விடுத்தார். மனிதனுக்குத் தலை மேலும் கால் கீழும் இருப்பதுபோல எழுத்தும் மேலிருந்து கீழே வருதலே முறை என்பது அவர் கூறிய காரணம். சவேரியார் அதனைப் புறக்கணியாமல் தம் கடிதத்தில் குறித்தார். பிறமொழியின் வழக்கத்தை விந்தையென்று நகைக்காமல், அதற்கும் ஒரு காரணம் உண்டு என்று கேட்டறியும் மனப்பான்மை மொழி கற்பார்க்கு இன்றியமையாத பண்பு அன்றோ?

ஜப்பானில்

1549-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் கோவாவினின்று புறப்பட்ட சவேரியார், மலாக்காவில் சீனர் மரக்கலம் ஒன்றில் ஏறி, ஆகஸ்டு 15-ஆம் நாள் ககோஷிமாவை அடைந்தார். கோஸ்மே தெ தோரஸ் என்னும் குருவும், ஜுவான் பெர்னாந்தஸ் என்னும் சகோதரரும், பவுலும், வேறு ஜப்பானியர் இருவரும் உடன்சென்றோருள் முதன்மையானவர்.

ஆங்கு அவர் மீண்டும் குழந்தையானார். தம்மைச் சூழ்ந்து மக்கள் பலவாறு பேசிக்கொள்ள, ஒன்றும் விளங்காமல் சிலைபோல் நிற்கவேண்டிய நிலையை அவர் 1549-ஆம் ஆண்டு நவம்பர் 5-ஆம் நாள் எழுதிய நெடுங்கடிதத்தில் வெளிப்படையாகக் கூறியுள்ளார். அவருக்கு அப்போது வயது நாற்பத்து மூன்று. பாரிஸில் தத்துவம் கற்பித்த பேராசிரியர். ஆயினும் சிறுபிள்ளைபோல் எழுத்தும் சொல்லும் கேட்டுக் கற்க நாணவில்லை. நாற்பது நாள் அளவில் பத்துக் கற்பனைகளை ஜப்பானிய மொழியில் விளக்கும் அளவுக்குத் தேறினர். அக்குளிர்காலத்தில் பவுலின் துணையோடு, உலகப் படைப்பு முதல் இறுதித் தீர்ப்பு வரையில் சமயக் கொள்கையை விளக்கும் நீண்ட உரையொன்றை ஜப்பானிய மொழியில் ஆக்கி, அதனை ரோமானிய எழுத்தில் எழுதிக்கொண்டார். ஜப்பானியர் எழுத்தைக் கற்க நாள் போதாமையால் கண்ட குறுக்குவழி அது.

ககோஷிமாவில் புத்த மடத்தின் அருகே அமர்ந்து அவ்வேட்டை அவர் உரக்கப் படிப்பார். அயலவர் ஒலிப்பைக் கேட்டுச் சிலர் நகைத்தனர், சிலர் இரங்கினர், சிலர் நின்று கேட்டனர். நகைப்பவர் முன்னும் படிப்பதை அவர் நிறுத்தவில்லை. பின்னர் ஹிராதோவுக்கும், யமகுச்சிக்கும், தலைநகராகிய கியோட்டோவுக்கும் பனியில் நடந்து சென்றார். 1551-ஆம் ஆண்டில் யமகுச்சியின் தலைவராகிய ஓவுச்சி யோஷிதக்கா அங்குப் போதிக்க இசைவு தந்து தங்குவதற்கு ஒரு மடத்தையும் அளித்தார். நாள்தோறும் இருமுறை தெருவில் நின்று ஏட்டைப் படித்தலும், படித்தபின் கேட்போர் வினாக்கட்கு விடை கூறலும் ஆங்கு அவர்கள் மேற்கொண்ட முறை. முத்துக்குளித்துறையில் மணியொலித்து நாளுக்கு இருமுறை கூட்டிய அதே முறையே ஜப்பானிலும் தொடர்ந்தது. விடை கூறும் பொறுப்பைப் பெரும்பாலும் பெர்னாந்தஸ் ஏற்றார். அவரே இவர்களுள் அம்மொழியில் மிகவும் தேறியவர்.

பெரும்பிழையும் திருத்தமும்

இங்கேதான் தமிழ்நாட்டில் நேர்ந்ததனினும் பெரிய பிழை ஒன்று வெளிப்பட்டது. கடவுள் என்பதற்கு எச்சொல்லை வழங்குவது என்று கேட்டபோது, பவுல் தைநிச்சி என்னும் சொல்லைத் தந்திருந்தார். பெருஞ்சூரியன் என்பது அதன் நேர்ப்பொருள். வடமொழியில் மகா வைரோசனர் எனப்படும் புத்தருக்கு ஜப்பானியர் இட்ட பெயரே அது. ஷிங்கோன் என்னும் பௌத்தப் பிரிவினர் அவரையே முதற்பொருளாகக் கொண்டவர். பவுல் நல்லவர், கூர்மதியர், ஆனால் சமய நூல்களைக் கற்றவர் அல்லர். தாம் அறிந்த பெயர்களுள் உயர்ந்ததாகத் தோன்றியதைத் தந்தார்.

ஆகவே, சவேரியார் ஏறத்தாழ ஈராண்டு தைநிச்சியை வணங்குமாறு மக்களை அழைத்து வந்தார். யமகுச்சியில் ஷிங்கோன் துறவிகள் தம் கொள்கையையே இவரும் கூறுகின்றார் என்று மகிழ்ந்து வரவேற்றனர். அவ்வரவேற்பே சவேரியார்க்கு ஐயத்தை உண்டாக்கியது. அவர் அத்துறவிகளிடம் மீண்டும் மீண்டும் வினவினார். தாம் கருதும் பொருளுக்கும் அச்சொல் குறிக்கும் பொருளுக்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிந்தார். தெளிந்தவுடன் பெர்னாந்தஸைத் தெருவுக்கு அனுப்பி, தைநிச்சியை வணங்கற்க என்று அறிவிக்கச் செய்தார். அன்று முதல் தேயுஸ் என்னும் லத்தீன் சொல்லையே வழங்கத் தொடங்கினார். நட்புக் கொண்டிருந்த துறவிகள் பகைவராயினர். ஈராண்டு உழைப்பின் பெரும்பகுதியும் மறுபடி தொடங்கவேண்டியதாயிற்று. இவ்விழப்புக்கு அஞ்சி அவர் வாளாவிருக்கவில்லை.

இதனால் அறியத்தக்கது யாது? ஒரு மொழியை ஒரே துணைவரிடம் மட்டும் கற்பவன், அத்துணைவரின் அறிவெல்லையையே அம்மொழியின் எல்லையாகக் கொண்டு விடுகின்றான். துணைவர் எத்துணை நல்லவராயினும் அவர் தந்த சொல்லை வேறிடத்தும் கேட்டு ஒப்புநோக்குதல் வேண்டும். சவேரியாரும் அங்ஙனம் வேறு துணைகளைத் தேடிக்கொண்டார். கண்பார்வை குன்றியவரும், யாழ்போன்ற பீவா என்னும் கருவியை மீட்டிக் கதை பாடிப் பிழைத்தவருமான ஒருவர் யமகுச்சியில் அவரிடம் சேர்ந்து லொரேன்சோ என்னும் பெயர் பெற்றார். தம் மொழியின் இசையும் வழக்கும் உணர்ந்த அவ்வேழைப் பாடகரே பின்னாளில் இயேசு சபையினருள் தலைசிறந்த சொற்பொழிவாளராய் விளங்கினார்.

இறுதி

இரண்டாண்டும் மூன்று திங்களும் ஜப்பானில் வாழ்ந்தபின் 1551-ஆம் ஆண்டு நவம்பரில் சவேரியார் அங்கிருந்து புறப்பட்டார். ஜப்பானியர் சீனர் கல்வியைப் பெரிதும் மதிப்பதைக் கண்ட அவர், சீன நாட்டுக்குச் செல்ல விழைந்தார். ஆனால் சீனக் கரைக்கு அண்மையிலுள்ள சாங்சுவான் தீவிலேயே காய்ச்சலுற்று, 1552-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் நாள், நாற்பத்தாறாம் வயதில், உயிர் நீத்தார். அப்போது உடனிருந்த அந்தோணி என்னும் சீன இளைஞர், இறுதி நாட்களில் அவர் தமக்கு விளங்காத ஒரு மொழியிலும் பேசினார் என்று குறித்துள்ளார். இளமையில் பேசிய பாஸ்கு மொழியே அது என்று அறிஞர் கருதுவர். அவருடைய உடல் பின்னர்க் கோவாவுக்குக் கொணரப்பெற்று இன்றும் போம் ஜேசு ஆலயத்தில் உள்ளது.

பின்வந்தோர் ஆக்கிய கருவி நூல்கள்

கருவி நூல் ஒன்றுமின்றிச் சவேரியார் பட்ட துன்பமே பின்வந்தோரைக் கருவி நூல்கள் ஆக்கத் தூண்டியது. பெர்னாந்தஸ் 1564-ஆம் ஆண்டளவில் ஜப்பானிய இலக்கணம் ஒன்றையும் சொற்கோவைகளையும் தொகுத்தார். 1590-ஆம் ஆண்டில் ஐரோப்பாவினின்று அச்சுப்பொறி ஒன்று ஜப்பானுக்கு வந்து சேர்ந்தது. அதன்பின், ஹெய்க்கே குலத்தாரின் போர்க்கதையைப் பேச்சுநடையில் மாற்றி ரோமானிய எழுத்தில் 1592-ஆம் ஆண்டில் அமாக்குசாவில் அச்சிடத் தொடங்கினர். மொழியும் வரலாறும் ஒருங்கே கற்க விழைவார்க்கென ஆக்கிய நூல் அது. ஈசாப்பின் கதைகளும் 1593-ஆம் ஆண்டில் அவ்வாறே வெளிவந்தன. 1595-இல் லத்தீன், போர்த்துக்கேயம், ஜப்பானியம் ஆகிய மும்மொழி அகராதியும், 1603-இல் நாகசாகியில் ஏறத்தாழ 32,000 சொற்களைக் கொண்ட ஜப்பானிய-போர்த்துக்கேய அகராதியும் அச்சேறின. ஒரு சொல் தலைநகர் வழக்கா, தென்னாட்டு வழக்கா, மகளிர் வழக்கா, செய்யுள் வழக்கா என்று இவ்வகராதி பிரித்துக் காட்டுகின்றது. ஒரே துணைவரின் சொல்லை நம்பி நேர்ந்த பிழைக்கு இதனினும் தக்க மருந்து உண்டோ? இளமையிலேயே ஜப்பானுக்குச் சென்று அங்கேயே வளர்ந்த ஜொவாம் ரொத்ரீகஸ் அடிகளாரின் பேரிலக்கணம் 1604 முதல் 1608 வரையில் வெளிவந்தது. நானூறு ஆண்டு கடந்தும் அக்காலத்து ஜப்பானிய மொழியை ஆராயும் ஜப்பானிய அறிஞரே இந்நூல்களை நாடுகின்றனர்.

தமிழிலும் இவ்வாறே நிகழ்ந்தது. புரோயென்சா அடிகளாரின் தமிழ்-போர்த்துக்கேய அகராதி 1679-இல் அம்பலக்காட்டில் அச்சேறியது. வீரமாமுனிவரின் சதுரகராதி 1732-இல் முடிவுற்றது. முசே, துப்புயி என்னும் குருமார் இருவர் ஆக்கிய தமிழ்-பிரெஞ்சு அகராதி நம் புதுவை மிஷன் அச்சுக்கூடத்திலேயே 1855-லும் 1862-லும் இரு பகுதிகளாக வெளிவந்தது. இவற்றை ஆக்கியோர் அனைவரும் ஒருகாலத்தில் ஒரு சொல்லும் அறியாது நின்றவரே.

நமக்கு எஞ்சிய பணி

இன்று ஜப்பானிய மொழி கற்க விழைவார்க்குச் சவேரியார் கனவிலும் காணாத வசதிகள் உள. மின்னா நோ நிஹோங்கோ என்னும் பாடநூல் பலராலும் பயிலப்படுகின்றது. ஜப்பான் அரசின் துணைபெற்ற ஜப்பான் அறநிலையம் இரோதொரி என்னும் பாடநூலை ஒலிப்பதிவுகளோடு இணையத்தில் விலையின்றி அளிக்கின்றது. ஐந்து படிகளாக அமைந்த மொழித்தேர்வு சென்னையிலும் நடைபெறுகின்றது.

தமிழர்க்கு இவற்றினும் மேலான துணையொன்று உண்டு. அது நம் தாய்மொழியே. நான் நூலைப் படிக்கிறேன் என்பதனை ஜப்பானியர் வத்தாஷி வா ஹோன் ஓ யோமிமாஸ் என்பர். ஹோன் என்பது நூல். ஓ என்பது நம் ஐ உருபுபோல் பெயரின் பின் நிற்பது. யோமிமாஸ் என்னும் வினை நம் மொழியிற்போலவே இறுதியில் வருகின்றது. சொற்களை முன்பின்னாக மாற்ற வேண்டுவதில்லை. அவர்தம் கானா எழுத்துக்களும், வடமொழி எழுத்துமுறை அறிந்த பௌத்தத் துறவிகளின் செல்வாக்கால், அ, இ, உ, எ, ஒ என்னும் உயிர் வரிசையிலும் பின்னர்க் க, ச, த, ந என்னும் வரிசையிலும் அடுக்கப்பட்டுள்ளன. ஒஜிசான் என்றால் மாமன். ஒஜீசான் என்றால் பாட்டன். குறிலும் நெடிலும் பிறவியிலேயே பழகிய தமிழ்ச்செவி இவ்வேறுபாட்டில் தடுமாறாது.

ஆனால், தமிழெழுத்தில் எழுதிக்கொண்டே கற்றுவிடலாம் என்று எண்ணுதல் கூடாது. பழத்தைக் குறிக்கும் சொல்லும் திறவுகோலைக் குறிக்கும் சொல்லும் ககரத்தின் வன்மை மென்மையால் மட்டுமே வேறுபடுவன. நம் எழுத்தில் இரண்டும் ககி என்றே நிற்கும். சவேரியார் ரோமானிய எழுத்தை நாடியது காலக்குறைவால். அதனால் விரைவில் பேச முடிந்ததேயன்றி அந்நாட்டு நூலைப் படிக்க முடியாது போயிற்று. நமக்குக் காலம் உண்டு. ஆதலின் 46 கானா எழுத்துக்களையும் முதலில் கற்றுக்கொள்ளுதலே நன்று.

மற்றவற்றில் அவர் வழியே நமக்கும் வழி. முதலில் வேண்டும் பகுதியை வரையறுத்துக்கொள்ளல், அதனை மனத்தில் ஊன்றவைத்தல், நாள்தோறும் இருமுறை வாய்விட்டு ஓதல், பிறர் நகைப்புக்கு நாணாமை, கற்றதை மற்றொருவர்க்குக் கற்பித்தல், ஒருவர் சொல்லைப் பலரிடம் ஒப்புநோக்கல், பிழை கண்டவிடத்து எவ்வளவு தொலைவு வந்திருந்தாலும் திரும்பித் திருத்தல் ஆகிய இவையே அவர் பயின்ற முறை. இவற்றுள் ஒன்றேனும் மனித முயற்சிக்கு அப்பாற்பட்டதன்று. வரம் பெற்றவர் என்று அவரைப் போற்றி விலகி நிற்பதினும், உழைத்தவர் என்று அறிந்து அவர்போல் ஏட்டை எடுத்து அமர்தலே அவருக்கு நாம் செய்யும் சிறந்த மரியாதையாகும்.